இடது கையால் எழுதிய இருபத்திரண்டு தாள்கள்

ஜூலை 8

சென்னை. மாவட்டத்துக்கு ஒருவர் வீதம் கூட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புத் தமிழுக்கு ஆசிரியர் கையேடும் செயல்தாள்களும் எழுத வேண்டும். ஆறு வாரம். எங்கள் மாவட்டத்துக்கு நான். இருபத்தோரு வருடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதற்கு இப்போதுதான் யாரோ என் பெயரை ஒரு பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நானும் தலைமையாசிரியர் வைரக்கண்ணு சாரும்தான். ஒரு வகுப்பை எப்படி நன்றாக நடத்துவது என்று நான் இங்கே உட்கார்ந்து எழுதும் ஆறு வாரமும் அவர் அங்கே ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாக நடத்த வேண்டும். "போயிட்டு வாங்க அமலோற்பவம் டீச்சர். நீங்க எழுதுற கையேட்டுல அஞ்சு வகுப்ப ஒருத்தன் எப்படி மேய்க்கிறதுன்னும் ஒரு பக்கம் போடுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது பிள்ளைகள் எல்லோரும் பள்ளி கேட் வரை வந்தார்கள். சிந்துஜா மட்டும் மரத்தடியில் குச்சியால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. முன்னால் போய் நின்றதும் பல்லைக் காட்டி, "டீத்தர்" என்றாள். எட்டு வயதாகியும் மழலை போகவில்லை, ஆனால் அழுத்தம் மட்டும் ஆளுக்கு மேல்.

ஜூலை 10

விடுதிச் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். அறையில் என்னோடு ஜெயக்கொடி என்று ஒரு டீச்சர். மலைப்பகுதிப் பள்ளியில் வேலை. படுக்கும்வரை பேசுகிறாள்.

ஒருங்கிணைப்பாளர் திருவரசு சார் நன்றாகப் பேசுகிறார். ஆசிரியர் யோசிக்க எதையும் மிச்சம் வைக்காமல் கையேடு எழுத வேண்டுமாம். ஒரு செயல்பாட்டுக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் ஒரு வரி போனாலும் வெட்டிவிடுவாராம்.

ஜூலை 15

என் செயல்பாடு தேர்வாகிவிட்டது. பெயர் 'கேட்போம், வரைவோம்'. தாளில் ஒரு வீடு, ஒரு மரம், ஒரு மாடு இருக்கும். ஆசிரியர் பத்துக் கட்டளை சொல்வார். மரத்துக்கு இடப்பக்கம் ஒரு கோழி வரை. மேகத்துக்குக் கீழே 'மழை' என்று எழுது. இப்படி. சாதாரணமாக நாம் முன்னால் நின்று சொல்கிறோம், நம் கையும் முகமும் பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஆசிரியர் வகுப்பின் பின்னால் நின்று சொல்ல வேண்டும் என்று எழுதினேன். அப்போதுதான் காதால் மட்டும் கேட்டுச் செய்கிறார்களா என்று தெரியும். திருவரசு சார் எழுந்து நின்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

இந்தச் செயல்பாட்டை என் வகுப்பில் இதுவரை செய்ததில்லை. ரயிலில் வரும்போது தோன்றியதுதான்.

ஜூலை 17

ஜெயக்கொடி என் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். "பின்னாடி நின்னு சொல்றப்ப சில பிள்ளைங்க எழுதாம பக்கத்துப் பிள்ள தாளயே பாக்கும். அதுங்க பேரக் குறிச்சு வச்சு காத டெஸ்ட் பண்ணச் சொல்லணும்னு போடுங்கக்கா. எங்க ஸ்கூல்ல ரெண்டு பிள்ளைய அப்படித்தான் கண்டுபிடிச்சோம்."

எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் அடங்கவில்லை. எடுத்துவிட்டேன். அவளுக்கு எதைப் பார்த்தாலும் நோயாகத்தான் தெரிகிறது.

ஜூலை 19

தலைவலி. பிழை திருத்தம் மட்டும்.

ஜூலை 22

எல்லாச் செயல்பாடும் களச்சோதனை முடித்துத்தான் அச்சுக்குப் போக வேண்டும் என்பது விதி. பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளிடம் செய்து பார்த்து, செயல்தாள்களை இணைத்து அறிக்கை தர வேண்டும். அதற்கு மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள். வண்டி வரவில்லை. இன்றும் வரவில்லை.

சாயங்காலம் திருவரசு சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ஆகஸ்ட் பத்தாம் தேதி அச்சுக்குப் போகணும். இனிமே ஸ்கூலுக்குப் போயி வர நாள் இல்ல. எல்லாருமே இருபது வருஷம் அனுபவம் உள்ளவங்க. உங்க பிள்ளைங்க எப்படி எழுதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? இங்கயே முடிச்சுருங்க. பேரும் மாணவர் எண்ணும் சரியா இருக்கணும், கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."

பொய் என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஜூலை 23

இன்று முழுக்க இடது கையால் எழுதினோம்.

யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வலது கையால் எழுதினால் டீச்சர் கையெழுத்து வந்துவிடுகிறது. காலை பத்து மணிக்குக் கூடமே இடது கைக்கு மாறிவிட்டது. நரைத்த தலைகள் எல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு கோழி வரைந்துகொண்டிருந்தன. தேநீர் கொண்டுவந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எனக்கு நன்றாக வந்தது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்: எனக்குப் பிடித்தும் இருந்தது. என் வகுப்பின் இருபத்திரண்டு பேரையும் வரிசையாக எழுதினேன். கைப்பேசியில் பெயரும் எண்ணும் இருந்தன. பிரவீன் றகரத்தைத் தலைகீழாகத்தான் போடுவான், போட்டேன். ஆர்த்தி கோழிக்கு நாலு கால் வரைவாள், வரைந்தேன். ஆறு, ஏழு, எட்டு என்று மதிப்பெண்ணும் போட்டேன். பிள்ளைகள் எல்லோரும் என் மேசையைச் சுற்றி நிற்பதுபோல் இருந்தது.

சிந்துஜாவின் தாள் கடைசியில் மிஞ்சியது. அவள் என்ன தப்பு செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத்தான் எழுதுவாள், அவளுக்கென்று ஒரு தப்பு கிடையாது. அந்த நேரம் பார்த்துத் திருவரசு சார் வந்து, "பத்துக்குப் பத்து ஒன்னாவது இருக்கட்டும் மேடம். மாதிரிக்குப் போடலாம்" என்றார். போட்டேன். பாவம், அவளுக்கு யார்தான் பத்து போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். கோழியைக்கூட நன்றாக வரைந்து கொடுத்தேன்.

ஜெயக்கொடி மட்டும் கூடத்தில் இல்லை. விடுப்பு சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்து ஏதோ ஒரு பள்ளிக்குப் போய், பதினொரு பிள்ளைகளிடம் தன் செயல்பாட்டைச் செய்து பார்த்துவிட்டு வந்தாள். பாதிப் பேர் தப்பு. "இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டார் திருவரசு சார். அவள் செயல்பாடு கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

ஜூலை 30

சிந்துஜாவின் தாள் 'மாதிரிச் செயல்தாள்' என்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் வரப்போகிறது. ஓவியர்கூட, "கொழந்தைங்க கோடுன்னா இது கோடு" என்றார்.

ஆகஸ்ட் 6

வைரக்கண்ணு சார் போன் செய்தார். ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறாராம்.

"டீச்சர், அந்தச் சிந்துஜா பிள்ள. கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது. பின்னால போயி கையத் தட்டிப் பாத்தேன், அசையல. காதுதான் டீச்சர். நீங்க கவனிக்கலயா?"

"அது அழுத்தம் சார்" என்றேன்.

"ஒரு மாசமா பாக்குறேன் டீச்சர். வாயப் பாத்துப் பாத்துத்தான் புரிஞ்சுக்குது. இருபத்தொம்பதாந் தேதி நம்ம வட்டாரத்துல காதுப் பரிசோதனை முகாம் இருக்கு. காதுக்கு மெஷினு அங்கயே குடுத்துடுறாங்களாம். பேரு அனுப்பிட்டேன்."

நல்லது சார் என்றேன். ஒரு வருடத்துக்கு மேலாக என் வகுப்பில் இருக்கிற பிள்ளையை இவர் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாராம்.

ஆகஸ்ட் 7

சாப்பாடு பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 14

மறுபடியும் வைரக்கண்ணு சார். சிந்துஜாவின் பெயரை முகாம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்களாம். "ஜூலை மாசம் நடந்த கேட்டல் செயல்பாட்டுல முழு மதிப்பெண்ணுன்னு கம்ப்யூட்டர்ல இருக்காம். கேக்காத பிள்ள எப்படி சார் பத்து வாங்கும்னு என்னையே கேக்குறாங்க. ஜூலைல நம்ம ஸ்கூல்ல எந்த டெஸ்ட்டும் நடக்கலயே டீச்சர். நீங்க சென்னையில இருந்தீங்க."

வேறு யாரையாவது மாற்றிப் பதிந்திருப்பார்கள் என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு வேலை செய்வது பெரிய தொல்லை.

ஆகஸ்ட் 17

பயிலரங்கம் முடிந்தது. பொன்னாடை, சான்றிதழ், புகைப்படம். ஜெயக்கொடி புகைப்படத்துக்கு நிற்கவில்லை. பேருந்து ஏறும்போது என் கையைப் பிடித்து, "அடுத்த பதிப்புலயாவது அந்த ஒரு வரியப் போடப் பாருங்கக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 19

பள்ளிக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் மேலே வந்து விழுந்தார்கள். ஆறு வாரத்தில் வாய்ப்பாடு போய்விட்டது, கையெழுத்து போய்விட்டது, பிரவீனுக்கு றகரம் நேராகியிருக்கிறது.

மாலையில் சிந்துஜாவின் அம்மா வளர்மதி வந்தாள். நடவிலிருந்து நேராக வந்திருந்தாள், காலில் சேறு காயவில்லை. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"டீச்சர், எங்க மாமியா வூட்ல இத செவுடுன்னே பேரு வச்சிட்டாங்க. வாத்தியாரு முகாமுன்னு சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இப்பப் பாத்தா நீங்க வச்ச பரிச்சையில பத்துக்குப் பத்து வாங்கியிருக்காமே. காது கேக்காட்டி வாங்க முடியாதுன்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்களாம். மாமியாகிட்ட நல்லா திருப்பிக் குடுத்துட்டேன்."

முருங்கைக்காயை வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20

மதியம் மூன்றாம் வகுப்பை மட்டும் தனியாக உட்கார வைத்து 'கேட்போம், வரைவோம்' செய்தேன். முதல் தடவையாக. பின்னால் நின்றேன். மரத்துக்கு இடப்பக்கம் ஒரு கோழி வரை என்றேன்.

இருபத்தோரு தலைகள் குனிந்தன. சிந்துஜா நிமிர்ந்து வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் எழுதுவதைக் கண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். தனித் தனியாக உட்கார வைத்திருந்தேன், பார்த்தெழுத முடியவில்லை. இரண்டாவது கட்டளை, மூன்றாவது கட்டளை. ஐந்தாவதில் திரும்பிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு கழுத்தைத் திருப்பி என் வாயையே பார்த்தாள். கையேட்டின்படி அது தவறு. நான் கையால் வாயை மூடிக்கொண்டு மீதி ஐந்தையும் சொன்னேன். அழவில்லை, சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள்.

தாளில் ஒன்றும் இல்லை. பத்துக்குப் பூஜ்யம். கீழே பெயரை மட்டும் எழுதியிருந்தாள். நேரான, குண்டு குண்டான எழுத்து. அவளுடைய கையெழுத்தை இன்றுதான் கவனித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22

அரை நாள் விடுப்பு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகம் போனேன். பதிவில் தவறு நேர்ந்துவிட்டது, இதுதான் சரியான தாள் என்று சொன்னேன். வட்டார அலுவலர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். கணினியில் ஜூலை தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேடம், இது அந்தப் பிள்ள கையெழுத்தே இல்லயே. ஜூலைல எழுதுனது சாஞ்சு இருக்கு. இது நேரா இருக்கு. முகாம் லிஸ்ட்ல சேக்கணும்னு நீங்களே எழுதிக் கொண்டாந்துட்டீங்களா? உங்க நல்ல மனசு புரியுது. ஆனா பொய்த்தாள் வச்சு நான் எப்படிச் சேக்குறது?"

மேசையில் இருந்த பேனாவை இடது கையில் எடுத்து, அவர் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். ம. சிந்துஜா, மூன்றாம் வகுப்பு. பக்கத்தில் ஒரு கோழி.

கணினியைப் பார்த்தார். நாட்காட்டியைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத எழுத்துல குடுங்க மேடம். வாயால சொன்னத வச்சு நான் ஒன்னும் மாத்த முடியாது. குடுத்தீங்கன்னா அன்னைக்கே அந்தப் பிள்ள பேரு ஏறிடும். மேலயும் அனுப்பித்தான் ஆகணும். மெமோ வரும். இந்த வருஷ புரமோஷன் லிஸ்ட்ல உங்க பேரு இருக்குல்ல?"

இருக்கிறது. நாலாவது பெயர்.

"இருபத்தெட்டுக்குள்ள குடுங்க" என்றார். நாட்காட்டியின் அந்தத் தாளைக் கிழித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 23

கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் 26

விடுமுறை. அலுவலகம் இல்லை.

ஆகஸ்ட் 27

ஐந்தாம் வகுப்புக்கு அடைவுத் தேர்வு. வைரக்கண்ணு சாரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. ஆறு வாரம் விட்டவளுக்கு இன்று ஒரு நாள் முடியவில்லை என்று அவர் கேட்கவில்லை, நான்தான் எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 28

மழை.

ஆகஸ்ட் 29

முகாம் முடிந்தது. பக்கத்து ஊரில் நாலு பிள்ளைகளுக்கு மெஷின் கொடுத்தார்களாம்.

செப்டம்பர் 11

வைரக்கண்ணு சார்: "பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்னு வளர்மதிகிட்ட சொன்னேன் டீச்சர். வரமாட்டேங்குது. பிள்ளைக்குத்தான் நல்லா கேக்குதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களேங்குது. உங்க மேல அதுக்கு நம்பிக்க ஜாஸ்தி. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேக்கும்."

சொல்கிறேன் என்றேன்.

சிந்துஜாவை முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன். அவளைப் பார்த்துத்தான் பேசுகிறேன். எப்படியும் இது ஒரு உதவிதான்.

அக்டோபர் 7

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. கையேடு வந்திருக்கிறது. வழவழப்பான தாள், உள்ளே குழுவினர் பெயரில் என் பெயர், தலைப்பெழுத்து மட்டும் தப்பு. வைரக்கண்ணு சார் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நாற்பத்து மூன்றில் நின்றார். தாளின் கீழே 'களச்சோதனை, ஜூலை' என்றும் எங்கள் பள்ளியின் பெயரும் இருந்தன. என்னை நிமிர்ந்து பார்க்காமல் புத்தகத்தை மூடி என் மேசையில் வைத்தார். இன்று முழுவதும் "டீச்சர்" என்று ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

பிள்ளைகள் அதற்குள் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். சிந்துஜா பேரு, சிந்துஜா பேரு என்று ஒரே கூச்சல். அவளை இழுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். விரலை வைத்துத் தன் பெயரைப் படித்தாள். கோழியைப் பார்த்தாள். என் முகத்துக்கு நேராக வந்து நின்று கேட்டாள்.

"டீத்தர், இது நா எப்ப எழுதுனேன்?"

மற்ற இருபத்தோரு பேருக்கும் அது கேட்டது.

அக்டோபர் 8

அந்தக் கேள்வியைத் தாண்டிப் பாடம் நடத்தினேன்.

அக்டோபர் 9

மதிய உணவுக்குப் பிறகு சிந்துஜா ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். வீடு, மரம், மாடு எல்லாவற்றையும் தானே வரைந்திருந்தாள். மரத்துக்கு இடப்பக்கம் கோழி. மேகத்துக்குக் கீழே மழை. பத்தும் சரி. எழுத்தெல்லாம் இடப்பக்கமாகச் சாய்ந்து, நடுங்கி, கோணிக்கொண்டு. இரண்டு நாளாக இடைவேளையில் கையேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதற்குத்தான். அவளுடைய குண்டு குண்டான எழுத்தை விட்டுவிட்டு என் இடது கையை எழுதப் பழகியிருக்கிறாள்.

"இப்ப தரியா இருக்கா டீத்தர்?" என்றாள்.

இந்தத் தாளைக் கொண்டுபோனால் வட்டார அலுவலர் ஒப்பிட்டுப் பார்த்து, இதுதான் அந்தப் பிள்ளையின் கையெழுத்து என்று ஒப்புக்கொள்வார். இனி யார் சோதித்தாலும் பதிவு சரியாக இருக்கும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. அப்படி ஒரு நொடி நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 10

காலையில் கடிதத்தைக் கொடுத்தேன். ஆகஸ்ட் தேதியை அடித்து இன்றைய தேதி போட்டிருந்தேன். அடுத்த முகாம் பிப்ரவரியில்தான் என்றார் வட்டார அலுவலர். சிந்துஜாவின் பெயரை முதல் பெயராக எழுதிக்கொண்டார். அதற்கு முன்னால் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஒரு பரிந்துரைச் சீட்டும் கொடுத்தார். கடைசியில் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இது உங்க கையெழுத்துதானே மேடம்?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

சாயங்காலம் வளர்மதி வீட்டுக்குப் போனேன். சீட்டைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சை நடக்கவில்லை, நான்தான் எழுதினேன், பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, முகாமையும் தெரிந்தேதான் தவறவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அப்ப ஏன் டீச்சர் முருங்கக்காய வாங்கிக்கிட்டீங்க?" என்றாள்.

சிந்துஜா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.